குடி ஏக்கத்தைக் குறைக்க மூளைக்குக் காந்தத் தூண்டல்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

விடியல்_வேண்டி | ஞாயிறு, காலை 6:10

வணக்கம். ஒரு வருடமாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

என் கணவருக்கு வயது 41. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கை சுத்தமான வேலைக்காரர், பிள்ளைகள் மேல் உயிர். 14 வருடமாகக் குடி. வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வரும். அன்று சாயங்காலம் 6 மணியிலிருந்து என் காது வாசலில்தான் இருக்கும். இரண்டு முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். முதல் முறை 5 மாதம் குடிக்காமல் இருந்தார். இரண்டாவது முறை 40 நாள். நடுவில் ஒரு தடவை போதையில் பைக்கோடு விழுந்து தலையில் அடிபட்டு, கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் 12 நாள் கிடந்தார். அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

அவரே அழுதுகொண்டு சொல்கிறார்: "குடிக்கக் கூடாதுன்னு மனசுக்குத் தெரியுது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா உடம்பு தானா அந்தப் பக்கம் திரும்பிடுது."

இப்போது ஒரு கிளினிக்கில் ஆர்டிஎம்எஸ் என்று காந்த சிகிச்சை சொல்கிறார்கள். 20 சிட்டிங், 70,000 ரூபாய். "மூளையில் குடி ஆசை இருக்கிற இடத்தையே அணைத்துவிடுவோம்" என்றார் அங்கே பேசியவர். வருகிற வியாழக்கிழமையிலிருந்து குடியை நிறுத்திவிட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் அடகு வைக்க ஒரு சங்கிலி மீதி இருக்கிறது. வைக்கலாமா? இது கரண்ட் ஷாக் வைப்பதா? உண்மையிலேயே குடி ஆசை போகுமா?

---

வேப்பமரத்தடி | ஞாயிறு, காலை 7:02

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் என் வீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்கு இந்தக் காந்தம் பற்றித் தெரியாது. எங்கள் பக்கத்தில் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற மாத்திரை விற்கிறார்கள், அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாமாம். என் தங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள். அதையும் யோசியுங்கள்.

---

மருந்துச்சீட்டு | ஞாயிறு, காலை 7:20

மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், இதை உடனே சொல்ல வேண்டும். தெரியாமல் எதையும் கலந்து கொடுக்காதீர்கள். 22 வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். அப்படி விற்கப்படுவதில் பெரும்பாலும் இருப்பது டைசல்ஃபிரம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உயிரே போகலாம். மருத்துவர் பரிசோதித்து, குடிப்பவர் விளக்கம் கேட்டுத் தானே சம்மதித்து, வீட்டில் ஒருவர் முன்னால் விழுங்குகிற மாத்திரை அது. குழம்பில் கலக்கிற பொடி இல்லை.

வேப்பமரத்தடி அம்மா, உங்கள் தங்கையிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

---

ராஞ்சி_ரயில் | ஞாயிறு, காலை 9:45

சகோதரி, நான் மனநல சமூகப் பணியாளர். ராஞ்சியில் கான்கே பகுதியில் இருக்கும் மத்திய மனநல நிறுவனத்தில் பயிற்சி பெற்றவன். இப்போது தமிழ்நாட்டில் வேலை. உங்கள் கேள்விக்கும் அந்த ஊருக்கும் நேரான தொடர்பு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு அவசரம். 14 வருடம் குடித்த உடம்பை வியாழக்கிழமையோடு சட்டென்று நிறுத்தச் சொன்னது தவறு. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் ஓரிரு நாளிலேயே வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாத பூச்சி கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் குழம்புவது என்று முற்றிப்போகும். அது உயிராபத்து. ஆஸ்பத்திரியில் மாத்திரையும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் கொடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டும். அந்த நிலை அடங்காத மூளைக்குக் காந்தத் தூண்டல் கொடுப்பது எரிகிற அடுப்பின் பக்கத்தில் மண்ணெண்ணெய் வைப்பது மாதிரி. ஏனென்றால் இந்தச் சிகிச்சையில் அபூர்வமாக நேரும் பெரிய பக்கவிளைவே வலிப்புதான்.

அவர் தினமும் குடிப்பவரா, சனி ஞாயிறு மட்டுமா?

---

விடியல்_வேண்டி | ஞாயிறு, காலை 10:05

சனிக்கிழமைதான் அளவு தெரியாமல் போகும். மற்ற நாளில் ராத்திரி ஒரு குவார்ட்டர். காலையில் டீ டம்ளர் பிடிக்கக் கை நடுங்கும்.

---

ராஞ்சி_ரயில் | ஞாயிறு, காலை 11:30

அப்படியென்றால் நான் சொன்னது முழுக்க உங்களுக்குப் பொருந்தும். வீட்டில் தானாக நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள், டீடாக்ஸ், அதாவது மருந்து கொடுத்துக் குடியைப் பாதுகாப்பாக நிறுத்துவதை, அங்கேயே செய்வார்கள்.

இப்போது காந்தம். இது ஷாக் சிகிச்சை இல்லை. மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவைப்பது நோக்கம் இல்லை, நோயாளி விழித்தபடி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். தலையின் ஒரு பக்கத்தில் எட்டு வடிவக் கம்பிச் சுருள் ஒன்றை ஒட்டிப் பிடிப்பார்கள். சுருளுக்குள் மின்சாரம் நொடியின் மிகச் சிறிய பங்குக்குள் பாய்ந்து நிற்கும். அப்போது உண்டாகிற காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போய், அங்கே நரம்புச் செல்களில் மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டும். 1831இல் ஃபாரடே கண்ட அதே மின்காந்தத் தூண்டல்தான். மனித மூளையில் இதை இப்படிச் செய்யலாம் என்று 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். காந்தத்தின் பலம் எம்ஆர்ஐ எந்திரத்தின் அளவுக்கு வரும். ஆனால் ஆழம் போகாது. சாதாரணச் சுருளில் மேலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான்.

அளவு எப்படி வைக்கிறார்கள் என்பது பார்க்க வேண்டிய காட்சி. கை விரல்களை அசைக்கும் மூளைப் பகுதிக்கு மேல் சுருளை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டுவார்கள். ஒரு பலத்தில் நோயாளியின் கட்டை விரல் தானாகத் துடிக்கும். அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். அதைக் குறித்துக்கொண்டுதான் சிகிச்சைப் பலத்தை முடிவு செய்வார்கள்.

"குடி ஆசை இருக்கிற இடத்தை அணைப்போம்" என்றார்களே, அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்படி ஓர் இடம் தனியாக இல்லை. ஏக்கம் என்பது பல பகுதிகள் சேர்ந்து ஓடுகிற ஒரு சுற்று. இன்பத்தை நினைவு வைக்கிற ஆழமான பகுதிகள் ஒரு பக்கம் இழுக்கும். நெற்றிக்கு மேலே பக்கவாட்டில் இருக்கும் முன்மூளைப் பகுதி பிரேக் போடும். வருடக்கணக்கில் குடித்தவர்களிடம் அந்தப் பிரேக் தேய்ந்திருக்கும். உங்கள் கணவர் சொன்ன வாக்கியத்தைவிட நன்றாக நான் விளக்க முடியாது: மனசுக்குத் தெரிகிறது, உடம்பு திரும்பிவிடுகிறது. அந்தப் பிரேக் பகுதியைத் திரும்பத் திரும்பத் தட்டி எழுப்ப முடியுமா என்பதுதான் காந்தத் தூண்டலின் கேள்வி.

இந்தக் கேள்வியைக் குடிநோயில் போலித் தூண்டலோடு, அதாவது மூளைக்குள் ஒன்றும் போகாமல் சிகிச்சை மாதிரியே செய்து காட்டுவதோடு, ஒப்பிட்டு முதலில் சோதித்தவர்களில் ராஞ்சிக்காரர்கள் உண்டு. மிஸ்ரா, நிஜாமி குழு 2010இல் வெளியிட்டது. 45 பேர். 30 பேருக்கு உண்மைத் தூண்டல், 15 பேருக்குப் போலி. வலது முன்மூளைக்கு நொடிக்கு 10 துடிப்பு, சுமார் 5 நொடி தட்டு, 30 நொடி ஓய்வு, இப்படி 20 சுற்று. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 12 நிமிடம்கூட ஆகாது. மொத்தம் 10 நாள். ஏக்கத்தை அளக்கும் கேள்வித்தாளில் உண்மைத் தூண்டல் பெற்றவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிடத் தெளிவாக இறங்கியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கமும் பதற்றமும் ஓரளவுக்குக் கீழே இறங்கியவர்களை மட்டுமே அந்த ஆய்வில் சேர்த்தார்கள். உங்கள் கிளினிக் தாண்டிப் போகப் பார்ப்பது அந்தப் படியைத்தான்.

---

கணக்கு_வாத்தியார் | ஞாயிறு, மதியம் 2:15

தம்பி ராஞ்சி_ரயில் நேர்மையாக எழுதியிருக்கிறார். ஆனால் கதை முழுக்க வரவில்லை. அடகுக் கடைக்குப் போகப் போகிற ஒரு பெண்ணுக்கு முழுக்கச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் அண்ணனைக் குடிக்குக் கொடுத்தவன் நான். இந்த ஆய்வுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன்.

ராஞ்சி ஆய்வு 45 பேர் மட்டும். நோயாளிக்குத்தான் எது உண்மை, எது போலி என்று தெரியாது, எந்திரத்தை இயக்கியவருக்குத் தெரியும். அளந்தது ஏக்கத்தின் மதிப்பெண், வீட்டுக்குப் போன பிறகு வருடக்கணக்கில் குடித்தாரா இல்லையா என்பதை அல்ல.

2011இல் ஜெர்மனியில் ஹ்யோப்னர் குழு 19 பெண்களுக்கு இடது பக்கம் கொடுத்துப் பார்த்தது. ஏக்கத்தில் வித்தியாசம் இல்லை. 2020இல் ஸ்வீடனின் லிங்ஷோப்பிங்கில் பெரினி குழு இன்சுலா என்ற மூளையின் உள்மடிப்பைக் குறிவைத்தது. அந்த இடத்துக்கு நல்ல காரணம் உண்டு. 2007இல் நக்வி குழு, பக்கவாதத்தால் இன்சுலா சேதமான சிலர் சிரமமே இல்லாமல் சிகரெட்டை விட்டதைக் காட்டியிருந்தது. அதனால் எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. 56 குடிநோயாளிகள், 15 சிட்டிங். முடிவு? உண்மைத் தூண்டல் பெற்றவர்களுக்கும் ஏக்கம் குறைந்தது, குடி குறைந்தது. போலித் தூண்டல் பெற்றவர்களுக்கும் அதே அளவுக்குக் குறைந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

சகோதரி, அந்தப் போலிக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். மூளைக்குள் ஒன்றும் போகவில்லை. ஆனாலும் குறைந்தது.

---

ராஞ்சி_ரயில் | ஞாயிறு, மாலை 4:40

சார், நீங்கள் சொன்ன மூன்றும் சரி. நான்காவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் இஸ்ரேலின் ஆபிரகாம் சாங்கன், ஸ்வீடனின் மார்க்கஸ் ஹெய்லிக் இவர்கள் சேர்ந்த குழு. இன்சுலாவை விட்டுவிட்டு நெற்றியின் நடுப்பகுதியையும் அதன் பின்னால் இருக்கும் சிங்குலேட் பகுதியையும் ஆழமாகப் போகும் சுருளால் தூண்டினார்கள். 51 பேர், எல்லோரும் அப்போதுதான் குடியை நிறுத்தியவர்கள். மூன்று வாரத்தில் 15 சிட்டிங், அப்புறம் மூன்று மாதத்தில் 5. இதில் யாருக்கு எது என்று இரண்டு பக்கமும் தெரியாது. மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் உண்மைக் குழுவில் 2.9 சதவீதம், போலிக் குழுவில் 10.6 சதவீதம். இங்கே அளந்தது வெறும் ஏக்கத்தை அல்ல, குடித்த நாளை.

---

கணக்கு_வாத்தியார் | ஞாயிறு, மாலை 5:25

அதை ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல ஆய்வு. மூன்று மாதத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 3 நாளுக்கு எதிரே 9, 10 நாள். ஒரு குடும்பத்துக்கு அந்த ஆறேழு நாள் பெரிய விஷயம். அடி விழாத ஆறு ராத்திரி. ஆனால் அது 51 பேர். அதை நடத்தியவர்களே முன்னோட்ட ஆய்வு என்றுதான் பெயர் வைத்தார்கள். அதே மாதிரிச் சுருள் திருப்பூரில் அந்த கிளினிக்கில் இருக்கிறதா? இருக்காது என்றே நினைக்கிறேன். இஸ்ரேல் சுருளின் முடிவைக் காட்டி வேறு எந்திரத்தில் உட்கார வைத்தால் அது அந்தச் சிகிச்சையே இல்லை.

சிகரெட்டுக்கு இந்த ஆழச் சுருளை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020இல் அனுமதித்தது. அதன் பின்னால் இருந்த ஆய்வு 262 பேர். 18ஆம் வாரம் வரை விடாமல் விலகி இருந்தவர்கள் 19.4 சதவீதம், போலிக் குழுவில் 8.7. அதாவது இரண்டு மடங்கு. அதே சமயம் நூற்றில் எண்பது பேருக்கு நிற்கவில்லை. இரண்டும் ஒரே எண்ணில் இருக்கிறது. விற்கிறவர் முதல் பாதியை மட்டும் சொல்வார். மதுவுக்கோ அந்த அனுமதிகூட இன்னும் இல்லை.

---

மறுபடி_முதல்நாள் | ஞாயிறு, இரவு 9:50

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். அதனால் எழுதுகிறேன்.

வயது 38. வங்கி வேலை. மனச்சோர்வும் குடியும் சேர்ந்தே இருந்தன. டீடாக்ஸ் முடிந்து மூன்றாவது வாரம் ஆரம்பித்தார்கள், 20 நாள். காதில் பஞ்சு மாதிரி அடைப்பான் வைத்துக்கொள்ள வேண்டும். மரங்கொத்தி தலையில் உட்கார்ந்து கொத்துகிற மாதிரி டக்டக்கென்று அடிக்கும், கொஞ்சம் ஓயும், மறுபடி அடிக்கும். முதல் இரண்டு நாள் கண்ணிமையும் தாடையும் இழுத்தன. சாயங்காலம் தலைவலி, பாரசிட்டமால் போட்டேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. பணம் போச்சு என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் முடியும்போது ஒரு நாள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கடை. பல வருடமாக அந்த நிறுத்தம் வரும்போது வாயில் எச்சில் ஊறும், வயிற்றுக்குள் ஒரு பிசைவு வரும். அன்று இறங்கி வீட்டுக்கு நடந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் கடையைத் தாண்டி வந்ததே நினைவுக்கு வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஏக்கம் வராமல் போகவில்லை. வந்தது. ஆனால் வந்து உட்காரவில்லை. முன்பெல்லாம் வந்தால் குடித்தால்தான் எழுந்து போகும். அந்த நாட்களில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் தானே போயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் யாருக்காவது போன் போடுவேன்.

சரி, அடுத்ததையும் சொல்கிறேன். நான்காவது மாதம் பெரியப்பா இறந்து போனார். ராத்திரி பந்தலில் சரக்கு இருந்தது. குடித்தேன். தொடர்ந்து 11 நாள் குடித்தேன். ஏனென்றால் அந்த நான்கு மாதமும் காந்தமே பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தேன். மாத்திரையை நிறுத்தினேன், கவுன்சலிங் போகவில்லை, போன் போட்ட ஆட்களுக்கும் போன் போடவில்லை. அது எனக்கு ஓர் இடைவெளியைத் திறந்து கொடுத்தது. அந்த இடைவெளியில் நான் எதையும் கட்டவில்லை.

மறுபடி டீடாக்ஸ், மாத்திரை, வாரம் இரண்டு கூட்டம். இன்றோடு 19 மாதம். காந்தம் பண்ணாமல் விட்டிருக்கலாமா என்றால், இல்லை. கடையைத் தாண்டி நடக்க முடியும் என்று என் காலுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

---

கணக்கு_வாத்தியார் | ஞாயிறு, இரவு 10:15

தம்பி, 19 மாதத்துக்கு வாழ்த்துகள். மனசார.

உங்களைப் புண்படுத்தக் கேட்கவில்லை. அந்த 20 நாளும் தினம் ஒரே நேரத்துக்குப் போனீர்கள். ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்டார், தலையைத் தொட்டுச் சுருள் வைத்தார். லிங்ஷோப்பிங்கின் போலிக் குழுவுக்கும் இதெல்லாம் கிடைத்தது. உங்களுக்குக் குறைந்தது எதனால் என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா?

---

மறுபடி_முதல்நாள் | ஞாயிறு, இரவு 10:40

முடியாது சார். உண்மையாகவே முடியாது. அந்த அறையில் இருந்த அம்மா தினமும் "நேத்து தூங்கினீங்களா" என்று கேட்பார். என் வீட்டில் அதை யாரும் கேட்டு வருடக்கணக்கு ஆகியிருந்தது, கேட்காதபடி நான்தான் நடந்துகொண்டேன். அது எவ்வளவு, எந்திரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

---

ராஞ்சி_ரயில் | ஞாயிறு, இரவு 11:05

இந்த இடத்தில் நான் வாத்தியார் சாரோடு நிற்கிறேன். போலித் தூண்டலில் குறைந்தது என்றால் அது ஏமாற்று என்று அர்த்தம் இல்லை. ஒழுங்காக வருவது, ஒருவர் கணக்கு வைத்துக் கேட்பது, நம்பிக்கை, இதெல்லாம் ஏக்கத்தின் மேல் வேலை செய்கிறது என்று அர்த்தம். இவற்றில் பெரும்பகுதி 70,000 இல்லாமலும் கிடைக்கும்.

---

மருந்துச்சீட்டு | திங்கள், காலை 8:00

விடியல்_வேண்டி அம்மாவிடம் ஒரு கேள்வி. இரண்டு மையத்திலும் அவருக்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று ஏதாவது கொடுத்தார்களா?

---

விடியல்_வேண்டி | திங்கள், காலை 8:30

அந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். தூக்க மாத்திரை, சத்து மாத்திரை கொடுத்தார்கள். காலை மாலை பிரார்த்தனை, தோட்ட வேலை. ஒரு மையத்தில் டாக்டர் மாதம் ஒரு தடவை வருவார்.

---

மருந்துச்சீட்டு | திங்கள், காலை 9:10

நான் பயந்தது இதைத்தான். ஏக்கத்தைக் குறைக்க மாத்திரைகள் இருக்கின்றன, புதியவை அல்ல. நால்ட்ரெக்சோனை அமெரிக்கா 1994இல் குடிநோய்க்கு அனுமதித்தது, அகாம்ப்ரோசேட்டை 2004இல். முதலாவது, குடித்தால் கிடைக்கும் சுகத்தின் கூர்மையை மழுக்கும். கல்லீரல் பரிசோதனை பார்த்துத்தான் கொடுப்பார்கள். டிரமடால் மாதிரி வலி மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆகாது. இரண்டாவது, நிறுத்திய பிறகு வரும் தவிப்பைக் குறைக்கும், அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் பலிக்காது. ஆனால் இவற்றின் பின்னால் இருக்கும் ஆய்வுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகள் இருக்கிறார்கள். காந்தத்துக்கு 45, 51, 56.

2019இல் வெளியான தேசிய ஆய்வில் ஒரு எண் இருந்தது. நம் நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. கடையில் நின்று பார்க்கிற எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. சீட்டு எழுதுகிறவர்கள் இல்லாமல் மாத்திரை அலமாரியில் கிடக்கிறது. முதல் படியையே ஏறாத ஒருவரைக் கடைசிப் படிக்குக் கூப்பிடுகிறார்கள்.

காப்பீட்டையும் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகளில் குடிப்பழக்கச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும்.

---

ராஞ்சி_ரயில் | திங்கள், மதியம் 1:20

இன்று காலை உங்கள் முதல் பதிவை மறுபடி படித்தேன். ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், மன்னியுங்கள். தலையில் அடிபட்டு 12 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது அறுவை நடந்ததா? தகடு, ஸ்க்ரூ, கிளிப் ஏதாவது வைத்தார்களா? வலிப்பு வந்ததா? டிஸ்சார்ஜ் பேப்பரைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

காந்தத் தூண்டலுக்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். தலைக்குள் உலோகம், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, பேஸ்மேக்கர், வலிப்பு வரலாறு, பழைய தலைக்காயம். கிளினிக்கில் கேட்டார்களா?

---

விடியல்_வேண்டி | திங்கள், இரவு 8:55

பேப்பரை எடுத்துப் பார்த்தோம். பீரோவுக்கு அடியில் எக்ஸ்ரே கவரில் இருந்தது. நெற்றி எலும்பு உடைந்த இடத்தில் தகடும் 4 ஸ்க்ரூவும் வைத்ததாக எழுதியிருக்கிறது. டைட்டானியம் என்று இருக்கிறது. விழுந்த அன்று ஒரு தடவை வலிப்பு வந்ததாகவும் இருக்கிறது. எனக்கு அந்த இரண்டு நாள் எதுவுமே நினைவில்லை, ஐசியு வாசலில் கிடந்தேன்.

கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை. ஆதார் நகல் கேட்டார்கள், முன்பணம் கேட்டார்கள்.

கை நடுங்குகிறது எழுதும்போது.

---

ராஞ்சி_ரயில் | திங்கள், இரவு 9:10

தண்ணீர் குடியுங்கள் சகோதரி. ஒன்றும் ஆகவில்லை, நீங்கள் போகவில்லை.

டைட்டானியம் காந்தத்தால் இழுக்கப்படாத உலோகம், அது மட்டும் என்றால் மருத்துவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். ஆனால் நெற்றி எலும்புக் காயம், ஒரு வலிப்பு, மேலே குடியை நிறுத்தப் போகும் மூளை. இந்த மூன்றும் சேர்ந்த ஒருவரை நான் பார்த்த எந்த இடத்திலும் கேள்வி கேட்காமல் நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள். இப்போதைக்குக் காந்தத்தை மறந்துவிடுங்கள். அந்தப் பேப்பரோடு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. போகும்போது அவரும் நீங்களும் மட்டும் போங்கள், பத்து உறவினர் வேண்டாம்.

பின்னால் எப்போதாவது இதைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தில் போதைச் சிகிச்சைக்கென்றே தனி மையம் இருக்கிறது. சென்னை என்றால் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை, அங்கே குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, மனநல உதவி எண். போதை தொடர்பாக 14446. வலிப்பு வந்தாலோ ஆள் குழம்பினாலோ 108, யோசிக்கவே வேண்டாம்.

---

கணக்கு_வாத்தியார் | திங்கள், இரவு 9:30

சங்கிலியைக் கழுத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள் அம்மா.

---

வேப்பமரத்தடி | திங்கள், இரவு 10:00

தங்கையிடம் பேசிவிட்டேன். மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு முறை மயக்கம் வந்து பிரஷர் என்று நினைத்திருக்கிறார்கள். மருந்துச்சீட்டு அண்ணனுக்கு நன்றி.

---

விடியல்_வேண்டி | 34 நாள் கழித்து, ஞாயிறு, காலை 7:15

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். அரசு மருத்துவமனையில் 9 நாள் இருந்தார். இரண்டாவது நாள் ராத்திரி சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார், நர்ஸ் உடனே பார்த்துக்கொண்டார். வீட்டில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. இப்போது அகாம்ப்ரோசேட் போடுகிறார். வாரம் ஒரு நாள் கவுன்சலிங். நானும் குடும்பத்தினர் கூட்டத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வந்தேன்.

கம்பெனியில் பேசி, கூலியை என் கணக்கில் போடச் சொல்லிவிட்டார். அவரே கேட்டுச் செய்தது, நான் சொல்லவில்லை.

இந்த இழை முழுவதையும் நேற்று அவருக்குப் படித்துக் காட்டினேன். கீழே இருப்பது அவர் எழுதச் சொன்னது.

"வணக்கம். நான்தான் அவர். பஸ் ஸ்டாப் பற்றி எழுதிய தம்பிக்கு ஒன்று கேட்கணும். கை நடுக்கம் போயிடுச்சு, தூக்கம் வருது. வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லா இருக்கேன். சனிக்கிழமை 5 மணிக்கு மிஷினை நிறுத்தினதும் கால் தானா தடுமாறுது. நேத்து பையனை ஃபேக்டரி கேட்டுக்கு வரச் சொல்லி அவன் கையைப் பிடிச்சிட்டு வந்தேன். தினமும் அவனைக் கூப்பிட முடியாது, அவனுக்குப் பத்து வயசு. உங்களுக்கு அந்தப் பத்து நிமிஷம் எப்படிப் போச்சு?"

---

மறுபடி_முதல்நாள் | ஞாயிறு, காலை 7:40

அண்ணா, வணக்கம்.

எனக்கு முதல் மூன்று மாதம் தனியாக அந்தப் பத்து நிமிடம் போகவே இல்லை. யாராவது போனில் இருந்தார்கள். என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை, கிரிக்கெட் பேசினோம், ஒரு நாள் அவர் வீட்டுக் குழம்பு என்னவென்று கேட்டேன். நடந்துகொண்டே பேசினேன். வேலை விட்டு வரும்போது பசி வைக்காதீர்கள், பசியும் ஏக்கமும் எனக்கு ஒரே மாதிரிதான் வயிற்றில் பிசையும். கிளம்புவதற்கு முன்னால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிடுங்கள். வேறு தெரு இருந்தால் சுற்றிப் போங்கள்.

அக்காவுக்குத் தனிமடலில் என் எண்ணை அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை 5 மணிக்கு நான் போனைக் கையில் வைத்திருப்பேன். மிஷினை நிறுத்துவதற்கு முன்னாலேயே கூப்பிடுங்கள்.

---

விடியல்_வேண்டி | ஞாயிறு, காலை 7:52

எண்ணை எழுதிக்கொண்டார். பனியன் அட்டையின் பின்பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.